மூன்று வீட்டு இரும்பு

எருத்தேன்பதிக்குத் தெற்கே, கடலைக்காய் மூட்டை அடுக்கிவைக்கும் பழைய கிட்டங்கி ஒன்று இருந்தது. ஐம்பத்தைந்தாம் வருஷம் அது ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. வாசலில் சர்க்கார் பலகை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அதில் எழுதியிருந்தது ஊரில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. எல்லோருக்கும் அது எலும்பு ஆபீஸ்தான்.

வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்த ஆட்கள் பாண்டவர் குழி என்று ஊர் சொல்லும் மேட்டில் கடப்பாரையைப் போட்டபோது டங்கென்று சத்தம் கேட்டது. தோண்டினால் தாழி. பக்கத்தில் தோண்டினால் இன்னொரு தாழி. ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்பும் சிவப்புமாகச் சட்டிகள், துருப்பிடித்த கத்திகள், பொடிந்த எலும்புகள். வாய்க்கால் வேலையை நிறுத்திவிட்டுச் சர்க்கார் வேறு ஆட்களை அனுப்பியது. அவர்கள் வந்ததும் சட்டி கழுவப் பெண்கள் வேண்டும் என்றார்கள். செத்தவன் சட்டியைக் கழுவுவதா என்று ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டது. சனிக்கிழமை தவறாமல் கூலி என்றதும் பொத்திய கையை எடுத்துவிட்டது.

முதலில் போய் நின்றவள் பெரியம்மாள். முப்பத்தைந்தைத் தாண்டியவள், ஒடிசலான உடம்பு, இடது கைக்காரி. சோறு உண்ணும்போது மட்டும் வலது கை. களை வெட்டுவது, கயிறு திரிப்பது, கல் எறிவது எல்லாம் இடது கையால்தான். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் அதற்காக அந்தக் கையில் சூடு வைத்தாள். சூடு ஆறியது, கை மாறவில்லை.

அவள் அங்கே வேலைக்குப் போவது புருஷன் ஆறுச்சாமிக்குப் பிடிக்கவில்லை.

"நீ அங்க போகவேண்டாம்."

"ஏனுங்க?"

"பாண்டவர் குழி மண்ணு. ஆகாது."

"ஊரே போகுதுங்க, நமக்கு மட்டும் ஆகாதுங்களா? நான் கம்பத்துக்குப் போகோணுமுங்க. புள்ளை பெரிய மனுசி ஆயிட்டாள்னு நீங்கதான வந்து சொன்னீங்க. பெத்தவ கையால ஒரு சீலை குடுக்க வேண்டாமுங்களா?"

ஆறுச்சாமி மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, மறுபடி அதே முடிச்சைப் போட்டார். அதிகம் பேசாத மனுஷர்தான் அவர். ஆனால் அன்றைக்கு அவர் முகம் வெளுத்ததைப் பெரியம்மாள் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அவள் மனசு கம்பத்துக்குப் பஸ் ஏறியிருந்தது.

கம்பத்துக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பெரியம்மாளுக்கு முதல் இரண்டும் ஆண் பிள்ளைகள். இரண்டும் தவழும் முன்னே போய்விட்டன. மூன்றாவதாகப் பெண் பிறந்தபோது, இப்படிப் பறிகொடுத்த வீடுகளில் அந்தப் பக்கத்தில் செய்வதையெல்லாம் செய்தார்கள். குழந்தையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நினைத்துக்கொண்டு போகட்டும் என்று. வேறொரு வீட்டுக்காரி அதைப் பொறுக்கி எடுத்தாள். பெற்றவளே ஒரு முறம் தவிடு கொடுத்து, விலைக்கு வாங்குவது போலத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிச்சைமணி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை சாகாத மூன்று வீடுகளில் ஆளுக்கொரு துண்டு இரும்பு யாசகம் வாங்கினார்கள். ஒரு வீட்டில் ஒடிந்த கதிர் அரிவாள், ஒரு வீட்டில் வண்டி ஆணி, ஒரு வீட்டில் கிணற்று வாளியின் கம்பி. ஆசாரி மூன்றையும் காய்ச்சி நீட்டி, ஒன்றாக முறுக்கி, ஒற்றைக் காலுக்கு ஒரு காப்பு அடித்துக் கொடுத்தார். அதன் வாய் கூடுகிற இடம் குழந்தையின் கணுக்காலை அறுத்தது. பெரியம்மாள் தன் அறுந்த தோட்டின் செப்புக் கம்பியை எடுத்து, அந்த இடத்தில் நெருக்கமாகச் சுற்றிவிட்டாள். அதற்கப்புறம் மணி காலைத் தட்டித் தட்டி ஓடினாள்.

அவளுக்கு இரண்டு வயது இருக்கும்போது பேதி வந்தது. மழையும் இல்லை, அரிசியும் இல்லை, பேதி மட்டும் வீடு வீடாக வந்தது. பெரியம்மாள் படுத்துவிட்டாள். கண் திறந்து நினைவு தெளிந்து எழுந்தபோது வீட்டில் குழந்தை இல்லை.

"குடுத்துட்டேன்" என்றார் ஆறுச்சாமி. "கம்பத்து ஏலக்கா யாவாரி. அவனுக்கும் பொண்டாட்டிக்கும் புள்ளை இல்ல. சந்தையில பாத்தேன். நீ பொழைப்பியோ மாட்டியோ, புள்ளைக்கும் ஒட்டிக்கும்னு பயந்துட்டேன். தேடிக்கிட்டு வரமாட்டோம்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

அவள் அவரை ஏசாத ஏச்சு இல்லை. மண்ணை வாரித் தூற்றினாள். ஒரு வருஷம் பேசாமல் இருந்தாள். அப்புறம் தை மாதம் சந்தைக்குப் போய்த் திரும்பியவர், கம்பத்து ஆள் ஒருவனைப் பார்த்ததாகவும் மணி நன்றாக இருப்பதாகவும் சொன்னார். அன்றைக்குத்தான் பேசினாள்: "இளைச்சிருக்கிறாளாமுங்களா?"

அன்று தொடங்கியது. ஒவ்வொரு தையிலும் ஒரு சேதி வரும். பல் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், மலை மெட்டு மேலே ஏலத்தோட்டத்துக்குக் கூட்டிப்போனால் குளிரில் மூக்கொழுகுகிறது, அம்மை போட்டு இறங்கிவிட்டது, வடு இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஆறுச்சாமி வாய் வார்த்தையாலேயே ஒரு பெண்ணை வளர்த்து ஆளாக்கியிருந்தார். அதற்கப்புறம் பெரியம்மாளுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஒன்றரை ஏக்கர் கரட்டுக் காடும் அந்தத் தைமாதச் சேதியும்தான் அவளுக்கு இருந்தவை. அதை வைத்துக்கொண்டு அவள் உயிரோடு இருந்தாள் என்பதுதான் உண்மை.

எலும்பு ஆபீஸில் பொறுப்பாக இருந்தவன் பரீது. பாலக்காட்டில் புகையிலைக் கடை வைத்திருந்தவரின் மகன், மெட்ராஸில் படித்தவன், பெரியம்மாளைவிடப் பத்து வயது சின்னவன். நல்ல பையன். ஒரு உடைந்த ஓட்டுச் சில்லைக் கையில் எடுத்தால் கண் கலங்குமளவுக்குச் சந்தோஷப்படுவான். அவனை முதல் வாரத்திலேயே வயிறெரிய வைத்தார்கள் நம் பெண்கள்.

செத்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவினால் எப்படிக் கழுவுவார்கள்? செங்கல் பொடியும் தேங்காய் நாரும் போட்டு, தீட்டு என்று ஒரு துளி ஒட்டிக்கொண்டிருக்காதபடி, உள்ளே முகம் தெரிய விளக்குவார்கள். பெரியம்மாளும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த இருதயம்மாளும் போட்டி போட்டுக்கொண்டு அப்படித்தான் விளக்கினார்கள். சாயங்காலம் பரீது வந்து பார்த்தான். சட்டிகள் வரிசையாகப் பளபளத்தன. அவன் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, இதுக்குள்ளே அடியில கறுப்பா ஒட்டிக்கிட்டு இருந்துச்சே, எங்கே?"

"அதையுங்களா? நகத்தால சுரண்டி எடுத்துட்டமுங்க" என்றாள் பெரியம்மாள் பெருமையாக.

"அதுதான் அக்கா அவங்க கடைசியா வெச்ச சோறு. செத்தவருக்கு என்ன படைச்சாங்கன்னு சொல்ல அது ஒண்ணுதான் சாட்சி."

பெரியம்மாளுக்கு அது சுருக்கென்று தைத்தது. யாரோ ஒருத்தி அழுதுகொண்டே வைத்த சோற்றை அல்லவா சுரண்டிப் போட்டிருக்கிறோம்! அன்றிலிருந்து அவள் நாரைத் தொடவில்லை. மெல்லிய பிரஷ்ஷும் சீவின மூங்கில் குச்சியும் அவள் ஆயுதம் ஆயின.

அப்புறம் அவள் கற்றுக்கொண்டாள். யாரும் உட்காரவைத்துப் பாடம் சொல்லவில்லை. பரீது வேலை செய்துகொண்டே தனக்குத்தானே பேசுகிற ஆள், இவள் காதை அந்தப் பக்கம் வைத்திருந்தாள். சட்டியின் அடி வெளிப்புறம் கரி பிடித்திருந்தால் அது அடுப்பு கண்ட சட்டி. கரியே இல்லாவிட்டால் சாவுக்கென்றே வனைந்தது. பல்லின் வேர் நீளமாக இருந்தால் வளர்ந்த ஆள், வேர் முடியாமல் குழலாக நின்றுவிட்டால் குழந்தை. தாழிக்குள் இருக்கும் மண் கெட்டியாகச் சரளையோடு இறுகியிருந்தால் ஆதியிலேயே அடைத்தது. பொலபொலவென்று மேல்மண்ணாக இருந்தால் பின்னால் எதுவோ உள்ளே போயிருக்கிறது, எலியோ வேரோ மனிதனோ.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது காந்தம். லாட வடிவத்தில் ஒரு காந்தத்தை நூலில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள்.

"இரும்பு மண்ணுக்குள்ளே ரொம்பக் காலம் கிடந்தா, அக்கா, உள்ளே இரும்பே மிச்சம் இருக்காது. துரு மட்டும் கத்தி மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு நிக்கும். காந்தத்துக்கிட்ட கொண்டு போனா அது கண்டுக்கவே கண்டுக்காது. நேத்தைய இரும்புன்னா ஓடி வந்து ஒட்டிக்கும்."

பரீது அந்த வேலையை அவளிடமே விட்டுவிட்டான். கத்தி, ஈட்டி முனை, குதிரைக் கடிவாளம் என்று ஒவ்வொன்றாகக் காந்தத்தின் கீழே நீட்டுவாள். காந்தம் அசையாது. "பாண்டவருதுதானுங்க" என்பாள். பரீது சிரிப்பான்.

மாசி மாதம் அந்தச் சின்னத் தாழி வந்தது.

மேட்டின் கிழக்கு ஓரத்தில், வண்டித்தடத்தை ஒட்டி, வாய் உடைந்து வெளியே தெரிந்துகொண்டிருந்த தாழி. அதற்குள்ளிருந்த மண்ணைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கிட்டங்கியில் சலித்தார்கள். மண் பொலபொலவென்று இருந்தது. வேப்பம் வேர் புகுந்திருக்கிறது, அதனால்தான் என்றான் பரீது. எலும்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, அந்த மண் எலும்பைத் தின்றுவிடும். ஆனால் பற்கள் இருந்தன. அரிசி போலச் சின்னச் சின்ன பால்பற்கள். பெரியம்மாள் அவற்றைப் பஞ்சில் வரிசையாக வைத்தாள்.

"ரெண்டு வயசு இருக்கும்" என்றான் பரீது. "இந்த மேட்டுல முதல் குழந்தை, அக்கா." அவன் குரலில் இருந்த குதூகலத்தைக் கேட்டுப் பெரியம்மாளுக்கு எரிச்சல் வந்தது. பெற்றவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், யாரோ ஒரு பாண்டவர் காலத்துக்காரி.

சல்லடையில் கடைசியாக ஒரு துருக்கட்டி தங்கியது. அதைச் சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு வந்தது. குச்சியால் மண்ணை நெம்பி, பிரஷ்ஷால் தட்டி, இரண்டு நாள் பொறுமையாக உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் மதியம் அது வளையமாகத் தெரிய ஆரம்பித்தது. அப்புறம் முறுக்குத் தெரிந்தது. மூன்று புரி. அப்புறம் வளையத்தின் வாயருகே பச்சை நிறத்தில், நெருக்கமாகச் சுற்றின செப்புக் கம்பி.

பெரியம்மாள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.   பக்கத்தில் இருதயம்மாள் தன் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள், அது தூரத்தில் யாரோ பேசுவது போலக் கேட்டது.

பரீது வந்து குனிந்து பார்த்தான். "இது என்ன முறுக்கு? இப்படி நான் பார்த்ததே இல்லையே."

அவள் வாய் தானாகச் சொன்னது. "தவுட்டுக்கு வாங்குன புள்ளைக்கு எங்க பக்கத்துல இப்படிப் போடுவாங்க. மூணு ஊட்டு இரும்பு."

அவள் முழுசாகச் சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது. "அக்கா! அப்படின்னா உங்க வழக்கம் ரெண்டாயிரம் வருஷத்து வழக்கம். அன்னிக்கும் இப்படித்தான் ஒருத்தி மூணு வீட்டுல பிச்சை கேட்டிருக்கா!"

பெரியம்மாள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆமாம், அப்படித்தான் இருக்கும். அன்றைக்கும் ஒருத்தி. வேறொருத்தி.

பரீது அந்தக் கம்பியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். பிறகு ஒரு பென்சிலையும் நூலையும் எடுத்துத் தான் ஒரு முறை சுற்றினான். வளையத்தோடு சேர்த்துவைத்துப் பார்த்தான். "பொருந்தலையே. எதிர்ப்பக்கமா ஓடுது." பென்சிலை அவளிடம் நீட்டினான். "நீங்க சுத்துங்க அக்கா, பார்ப்போம்."

அவள் சுற்றினாள். பரீது அதை வளையத்துக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

"பாருங்க! இடது கைக்காரி! உங்களை மாதிரியே." அவன் சிரித்தான். "எந்தக் காலத்துல செத்துப்போனவளோ. அவ கை நமக்கு இன்னைக்குத் தெரியுது. காந்தம் மட்டும் வெச்சுப் பார்த்துட்டா வேலை முடிஞ்சுது."

"நாளைக்குப் பாக்கறனுங்க" என்றாள் பெரியம்மாள்.

அந்த நாளை அவள் தள்ளிக்கொண்டே போனாள். மற்ற இரும்பையெல்லாம் பார்த்தாள், அதை மட்டும் தொடவில்லை. மனசுக்குள் வழக்காடினாள். இடது கைக்காரி இவள் ஒருத்திதானா? செப்புக் கம்பி வேறு எவளிடமும் இருக்காதா? பாண்டவர் காலத்து இரும்பு என்றால் காந்தம் ஏறிட்டும் பார்க்காது. பார்க்கக் கூடாது. குலசாமியை வேண்டிக்கொண்டாள்: எவள் வயிற்றில் பிறந்ததாகவும் இருக்கட்டும், சாமி, அது ரெண்டாயிரம் வருஷத்துப் பிள்ளையாக இருக்கட்டும்.

ஒருநாள் விடியற்காலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஆறுச்சாமியிடம் கேட்டாள்.

"ஏனுங்க, கம்பத்துக்காரங்க கையில குடுத்தப்ப மணி காலுல காப்பு இருந்துச்சுங்களா?"

வாளி அவர் கையில் அப்படியே நின்றது. "இருந்துச்சு. அவிய கழட்டிட்டு வெள்ளிக் கொலுசு போட்டாங்க."

"கழட்டினது எங்கீங்க?"

"தொலஞ்சு போச்சு."

"யாசகம் வாங்கின இரும்புங்க அது. புள்ளைக்கு அஞ்சு வயசு முடியாம கழட்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க."

"தொலஞ்சு போச்சுன்னு சொல்றேனில்ல!" என்று கத்தினார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. மாடு மிரண்டு பின்வாங்கியது. அவர் வாளியைப் போட்டுவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விட்டார்.

பெரியம்மாள் கிட்டங்கிக்குப் போனாள். இருதயம்மாள் இன்னும் வரவில்லை. பரீது கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பெட்டியைத் திறந்தாள். பஞ்சிலிருந்து வளையத்தை எடுத்தாள். இடது கையில் ஏந்தி, தொங்கிக்கொண்டிருந்த காந்தத்தை நோக்கி மெதுவாக நீட்டினாள்.

அது ஒரு கணம் சும்மா இருந்தது. அப்புறம் நூல் சாய்ந்தது. காந்தம் ஓடி வந்து 'டிக்' என்று காப்பின் மேல் ஒட்டிக்கொண்டது.

பிரித்தாள். மறுபடி நீட்டினாள். மறுபடியும் அதே சத்தம். பிரிக்கப் பிரிக்க, விட்டுப் போக மனசில்லாத குழந்தை சீலையைப் பிடித்துக்கொள்வது போல அது வந்து ஒட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாரும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்க்கிற பழைய பெரியம்மாளாகவே இருந்திருந்தால் அந்தச் செப்புக் கம்பி முதல் நாளே உதிர்ந்திருக்கும். அவளும் கம்பத்துக்குச் சீலை எடுத்துக்கொண்டிருப்பாள். வேலையைக் கற்றுக்கொண்டதற்கு அவளுக்குக் கிடைத்த கூலி இதுதான்.

பரீது ஈர முகத்தோடு உள்ளே வந்தான். அவள் மறுபடியும் நீட்டிக் காட்டினாள். டிக்.

அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. பற்களைப் பார்த்தான். ஓரத்தில் குவித்திருந்த பொலபொலத்த மண்ணைப் பார்த்தான். "நான்தான் அவசரப்பட்டுட்டேன். வேருன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். இது பழைய தாழி, ஆனா உள்ளே இருக்கறது நம்ம காலத்துக் குழந்தை. பத்துப் பதினஞ்சு வருஷம் இருக்கும். பேதி வந்தப்போ யாரோ..." என்று நிறுத்தினான்.  பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எந்த வீட்டுப் பிள்ளையோ, அக்கா. இது வெளியே தெரிஞ்சா போலீஸ் வரும், ஊர் கூடும், வேலையே நின்னுடும். நம்ம காலத்துச் சாமானை நாங்க வெச்சுக்கறதும் இல்லை. மண்ணோட மண்ணாக் குப்பைமேட்டுல சேர்த்துடச் சொல்லுங்க."

அவன் கெட்டவன் இல்லை. அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சொல்லலாமா என்று ஒரு கணம் பெரியம்மாளுக்குத் தோன்றியது. சொன்னால் அவன் அழுதுவிடுவான். அவன் அழுகைக்கு ஆறுதல் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

"நானே கொண்டுபோய்க் கொட்டறனுங்க தம்பி" என்றாள்.

கிட்டங்கிக்குப் பின்னால் உபயோகமில்லாத ஓட்டுச் சில்லுகளைக் கொட்டிக் கொட்டி ஒரு மேடு எழும்பியிருந்தது. பெரியம்மாள் தாழி மண்ணை முறத்தில் கொண்டுவந்து அந்த மேட்டில் கொட்டினாள். மண்ணுக்கு மேலே பஞ்சை விரித்தாள். அதில் பற்களையும் காப்பையும் வைத்தாள். பிறகு தண்ணி வண்டி மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டிலிருந்து இரண்டு கை அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

அப்போதுதான் வேலைக்கு வந்த இருதயம்மாள் இதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, குப்பைக்குப் படையல் போடறியா?" என்று சிரித்துக்கொண்டே கிட்டே வந்தாள்.

"அத எடுத்து எங் கையில குடு" என்றாள் பெரியம்மாள்.

"எத?"

"அந்தக் குப்பையில கெடக்கறத. நானா எடுக்கக் கூடாது. நீ எடுத்துக் குடுத்தா நான் வாங்கிக்கறேன்."

இருதயம்மாள் பஞ்சைப் பார்த்தாள். முறத்தில் இருந்த தவிட்டைப் பார்த்தாள். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனாலும் அந்த மண்ணில் பிறந்தவள், பிள்ளை பெற்றவள். சிரிப்பு நின்றுவிட்டது.  செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறி, பஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து வந்தாள். பெரியம்மாள் அவள் மடியில் தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பெண்களும் வெயிலில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். இருதயம்மாள்தான் அழுதாள்.

பகலெல்லாம் அதை மடியில் வைத்திருந்துவிட்டு, சாயங்காலம் சட்டி கழுவும் தொட்டியில் பெரியம்மாள் தலைக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டாள். சாவுச் சேதி கேட்டவள் செய்யவேண்டியதை, பன்னிரண்டு வருஷம் கழித்துச் செய்தாள். ஈரச் சீலையோடு, மடியில் முடிந்த பஞ்சோடு வீட்டுக்கு நடந்தாள். வழி நெடுக ஆறுச்சாமியை என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனாள். படுபாவி, என்னை இத்தனை வருஷம் ஏமாற்றினாயே என்று கேட்க வேண்டும். மூக்கொழுகுகிறது என்றாயே, வடு இல்லை என்றாயே என்று கேட்க வேண்டும். வண்டித்தடத்தைக் கடக்கும்போது அந்தக் கிழக்கு மேட்டைப் பார்த்தாள். வீட்டுக்கு வீடு சாவு விழுந்த நாளில், தோள் கொடுக்க ஆள் இல்லாமல், காய்ந்து பாறையாகிக் கிடந்த பூமியில் குழி வெட்டத் தெம்பில்லாமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மனுஷன் அந்த மேட்டில் தனியாக ஏறுவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. உடைந்த தாழியின் வாய் வழியாகக் கையால் மண்ணை அள்ளி வெளியே போட்டிருப்பார். வேறு மண்ணைக் கொண்டுவந்து மூடியிருப்பார். காப்பைக் கழற்ற அவருக்கு மனசு வந்திருக்காது. வீட்டுக்கு வந்தால் சாகக் கிடக்கிற பெண்டாட்டி. அழக்கூட முடியாமல் அவளுக்குக் கஞ்சி ஊற்றியிருப்பார்.

பெரியம்மாள் வீடு போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆறுச்சாமி வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து எழுந்தார்.

"என்ன புள்ள, தலைக்கு ஊத்திக்கிட்டு வர்றே? யாரு செத்தது?"

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த ஏச்சு ஒன்றும் வரவில்லை.

"கம்பத்துலிருந்து சேதி வந்துச்சுங்க" என்றாள். "நம்ம மணி செத்துப்போச்சாமுங்க."

ஆறுச்சாமி யார் சொன்னது என்று கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை. அவள் மடி முடிச்சை அவிழ்த்துப் பஞ்சை அவர் முன்னால் வைத்தாள். மூன்று புரிக் காப்பு மாலை வெயிலில் துருநிறமாகக் கிடந்தது. அவர் அதைத் தொட்டார், கையை இழுத்துக்கொண்டார், மறுபடி தொட்டார். பிறகு அந்த மனுஷன் வாசல் மண்ணில் விழுந்து வாய்விட்டு அழுதார். பக்கத்துக் காட்டில் வேலை செய்தவர்கள் தலை நிமிர்ந்து பார்க்கும்படி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்.

"உங்கிட்ட சொன்னா நீயும் போயிருவே புள்ள. ரெண்டு பேரும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்..."

பெரியம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தலையைப் பிடித்துத் தன் ஈரத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழுதுக்குங்க" என்றாள். "இப்பவாச்சும் அழுதுக்குங்க."

வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆறுச்சாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தார். கிணற்றடிப் பக்கம் நாலு எட்டு நடந்தவர் நின்றார், திரும்பிப் பார்த்தார்.

"இந்தத் தடவை நீயும் வா" என்றார்.